சென்னை – யாழ்ப்பாணம் வான்வழி

சென்னை – யாழ்ப்பாணம் வான்வழி என்பது சென்னைப் பன்னாட்டு வானூர்தி நிலையத்தையும், இலங்கையின் வட மாகாணத்தில் பலாலியில் அமைந்துள்ள யாழ்ப்பாணம் பன்னாட்டு வானூர்தி நிலையத்தையும் இணைக்கும் நேரடி வான்வழியாகும். சென்னை நிலையம் தாம்பரத்துக்கு வடக்கே மீனம்பாக்கம், திரிசூலம் பகுதியில் உள்ளது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் புறநகர்த் தொடருந்துப் பாதையின் திரிசூலம் நிலையம் இதன் எதிரே உள்ளது.

தொலைவும் பயண நேரமும்

இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட நேர்த் தொலைவு ஏறத்தாழ 356 கி.மீ. ஆகும். மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஏடிஆர் 72 வகை வானூர்தி இதனை முக்கால் மணி நேரத்தில் கடக்கக்கூடியது. எனினும் ஓடுபாதையை அடைதல், மேலேறுதல், தரையிறங்குதல் ஆகியவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 1¼ முதல் 1½ மணி நேரம் ஆகிறது. 2006 ஏப்ரல் முதல் இலங்கையும் இந்திய நேரத்தையே (+5:30) பின்பற்றுவதால் நேர வேறுபாடு இல்லை.

நேரடிச் சேவை இல்லாத காலங்களில் பயணிகள் யாழ்ப்பாணத்தைத் தாண்டி, சென்னையிலிருந்து ஏறத்தாழ 650 கி.மீ. தொலைவிலுள்ள கட்டுநாயக்காவுக்குப் பறந்து, பின்னர் தரைவழியாக வடக்கு நோக்கித் திரும்பவேண்டியிருந்தது. இதனால் பயணம் ஏறத்தாழ ஒரு நாளாக நீண்டது.

வரலாறு

1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தனது முதல் சேவையை நடத்தியது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பலாலி இலங்கை வான்படையின் தளமாக விளங்கியது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து சேவையைத் தொடங்கியது. கொரோனாப் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்ற இச்சேவை 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இன்டிகோ நிறுவனமும் இவ்வழியில் சேவையைத் தொடங்கியது.