பத்தமடைப் பாய்

பத்தமடைப் பாய் திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணிப் பாசனப் பகுதியிலுள்ள பத்தமடையில் நெய்யப்படும் கோரைப் பாய். வழக்கில் கோரையைப் புல் என்றே சொன்னாலும் தாவரவியலார் அதைப் புற்குடும்பத்தில் சேர்ப்பதில்லை. சைப்பரஸ் பேரினத்தைச் சேர்ந்த அதன் தண்டு முப்பட்டையானது. உள்ளே வெண்மையான சோறு இருக்கும்.

கோரையில் பாய் முடைவது தென்னாட்டின் பழந்தொழில்களுள் ஒன்று. பத்தமடையில் அதைத் தொழிலாகக் கொண்டவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம்கள். மென்பாய் நெசவைத் தொடங்கியவர் ஹசன் பாவா லெப்பை என்பது ஊரார் சொல்லும் வரலாறு. அது ஒரு நூற்றாண்டுக்குச் சற்று முந்தியது என்போரும், அவர் முன்பே இருந்த தொழிலைத் திருத்தியவர் என்போரும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டைப் பற்றிய பதிவுகளே மிகுதி. அவற்றின்படி, பச்சையாக அறுத்த கோரையைக் கீறி வெயிலில் உலர்த்துவர். பிறகு கட்டுகளாகக் கட்டி ஆற்றின் ஓடும் நீரில் சில நாட்கள் ஊறவிடுவர். ஊறிப் பருத்ததை மீண்டும் உலர்த்தி, சோற்றை நீக்கிக் கத்தியால் மெல்லிய இழைகளாகக் கிழிப்பர். பாயின் தரம் பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. கிழிப்பதில் தவறியதைத் தறியில் சரிசெய்ய இயலாது. சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டைச் சாயம் பயன்பட்டது. பின்னாளில் செயற்கைச் சாயங்கள் வந்தன.

தறி தரையோடு தாழ்ந்தது. பாவு பருத்தி நூல். உயர்தரப் பாய்க்குப் பட்டு. ஊடையான கோரையை நீண்ட குச்சியில் கோத்து ஒவ்வொன்றாகச் செலுத்தி, அச்சால் அடித்து நெருக்குவர். நெசவின் நுண்மையைக் காட்டும் எண் 100 முதல் 140 வரையுள்ள மென்பாய் துணியைப் போல் மடங்கும். 'பட்டுப்பாய்' என்ற பெயர் அதற்கு முற்றும் தகும். ஒன்றை நெய்து முடிக்கப் பல வாரங்கள் பிடிக்கும். கலியாணப் பாயில் மணமக்களின் பெயர்களை எழுத்துப் பிசகாமல் நெய்வது இவ்வூர் நெசவின் தனிச் சிறப்பு. இவ்வளவு நுண்ணிய வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆயினும் எழுதப்பட்ட குறிப்புகளில் அவர்கள் பெயர்கள் அரிதாகவே இடம்பெறுகின்றன. எலிசபெத் அரசியின் 1953ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் அனுப்பப்பட்டதாகப் பலரும் எழுதியுள்ளனர்.

பிளாஸ்டிக் பாயும், காவிரிக்கரைக் கோரையில் விசைத்தறியில் நெய்யும் பாயும் சந்தையைப் பிடித்தபின் மென்பாய் நெய்வோர் குறைந்தனர். 2012–13இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கோரைப் பைகளும் மேசை விரிப்புகளும் இங்கே செய்யப்படுகின்றன.