சூரியகாந்தி: எந்த ரகத்தில் எண்ணெய் அதிகம், எதில் மகசூல் அதிகம்? கரிசல் காட்டு விவசாயிக்கு எது லாபம்?

விதைக்கடைக்குப் போனால் ஒரு பாக்கெட்டில் 'எண்ணெய்ச் சத்து அதிகம்' என்றிருக்கும். இன்னொன்றில் 'மகசூல் அதிகம்' என்றிருக்கும். எதை வாங்குவது? அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி, சாத்தூர், வெம்பக்கோட்டை என விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் பூமியில் மானாவாரியாகச் சூரியகாந்தி போட நினைப்பவர்களுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும்.

வாங்கிச் சமைக்கும் நமக்கும் ஒரு கேள்வி உண்டு. எல்லாச் சூரியகாந்தி எண்ணெயும் ஒன்றுதானா? இரண்டுக்கும் இங்கே பதில் பார்க்கலாம்.

சூரியகாந்தி நம்ம ஊருக்கு எப்போது வந்தது?

சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. ஆனால் அதை எண்ணெய்ப் பயிராக மாற்றியது ரஷ்யா. அங்கே புஸ்தொவாய்ட் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் தேர்வு செய்து, 30 சதவீத அளவில் இருந்த எண்ணெய்ச் சத்தை 50 சதவீதம் வரை உயர்த்தினார்.

இந்தியாவுக்கு எண்ணெய் ரகங்கள் 1969-ல் வந்தன. 1972 முதல் வணிக ரீதியில் சாகுபடி தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த 'மார்டன்' என்ற குட்டை ரகம் சீக்கிரம் விளைவதால் மானாவாரிக் காடுகளில் பரவியது. 1980-ல் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வீரிய ஒட்டு ரகமான பி.எஸ்.எச்.-1-ஐ வெளியிட்டது.

1990-களின் தொடக்கத்தில் நாடு முழுக்க 25 லட்சம் ஹெக்டேருக்கு மேல் சூரியகாந்தி இருந்தது. இன்று அதில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 1997-ல் தலைகாட்டிய நெக்ரோசிஸ் வைரஸ் நோய், மலிவாக வந்த இறக்குமதி எண்ணெய், பறவைத் தொல்லை எல்லாம் சேர்ந்து பயிரை ஓரம் கட்டிவிட்டன. விருதுநகர் பக்கம் மக்காச்சோளம் பரவலாக அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ரகம், வீரிய ஒட்டு: என்ன வித்தியாசம்?

ரகம் என்றால் விளைந்ததிலிருந்தே விதை எடுத்து அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கலப்பு ஏற்படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வீரிய ஒட்டு என்பது இரண்டு தனித்தனி பெற்றோர் வரிசைகளைச் சேர்த்து உருவாக்குவது. செடிகள் ஒரே உயரத்தில், ஒரே நேரத்தில் பூக்கும். மகசூலும் கூடும். ஆனால் விளைந்ததை எடுத்து மறுபடி விதைத்தால் அந்தப் பலன் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் புது விதைக்குக் காசு கொடுக்க வேண்டும்.

சில முக்கிய ரகங்கள், பக்கத்தில் பக்கத்தில்:

• மார்டன்: 75 முதல் 80 நாள். எண்ணெய் 35 சதவீத அளவில். குட்டைச் செடி.

• கோ 4: தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ரகம். 80 முதல் 85 நாள். எண்ணெய் சுமார் 40 சதவீதம்.

• வீரிய ஒட்டு கோ 2: இதுவும் அதே பல்கலைக்கழகத்தின் வெளியீடு. 85 முதல் 90 நாள். எண்ணெய் 38 முதல் 40 சதவீதம்.

• கே.பி.எஸ்.எச்.-44: பெங்களூரு வெளியீடு. 95 முதல் 100 நாள். எண்ணெய் 36 முதல் 38 சதவீதம். பெரிய பூத்தட்டு, நல்ல மகசூல்.

• டி.ஆர்.எஸ்.எச்.-1: ஹைதராபாத் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடு. 92 முதல் 98 நாள். எண்ணெய் 42 முதல் 44 சதவீதம்.

எண்ணெய் அதிகம் என்றால் லாபமும் அதிகமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சதவீதம் மட்டும் பார்த்தால் போதாது. ஒரு ஏக்கரில் எத்தனை கிலோ விதை, அதில் எத்தனை கிலோ எண்ணெய் என்று பெருக்கிப் பார்க்க வேண்டும்.

நாட்டின் சராசரி மகசூல் ஹெக்டேருக்கு ஒரு டன் அளவில்தான். அதாவது ஏக்கருக்கு சுமார் 400 கிலோ. அதை வைத்து ஒரு கணக்கு போடலாம். இது புரிந்துகொள்வதற்கான உதாரணம்தான்.

• முதல் வயல்: 400 கிலோ, எண்ணெய் 35 சதவீதம். விதையில் இருக்கும் எண்ணெய் 140 கிலோ.

• இரண்டாவது வயல்: 500 கிலோ, எண்ணெய் 38 சதவீதம். எண்ணெய் 190 கிலோ.

• மூன்றாவது வயல்: 350 கிலோ, எண்ணெய் 43 சதவீதம். எண்ணெய் சுமார் 150 கிலோ.

இப்போது விற்பனைக் கணக்கு. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,721 ரூபாய். அந்த விலைக்குப் போனால் முதல் வயலுக்கு 30,884 ரூபாய், இரண்டாவதுக்கு 38,605 ரூபாய், மூன்றாவதுக்கு சுமார் 27,000 ரூபாய்.

கவனித்தீர்களா? மூன்றாவது வயலில் முதல் வயலைவிட எண்ணெய் அதிகம். ஆனால் கையில் வரும் பணம் கிட்டத்தட்ட 4,000 ரூபாய் குறைவு. ஏனென்றால் மூட்டையை எடைபோட்டுத்தான் காசு. கூடுதல் எண்ணெயின் பலன் ஆட்டுகிறவருக்குப் போகிறது.

அதே விதையைச் சொந்தமாகச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்றால் கணக்கு தலைகீழ். அப்போது எண்ணெய் சதவீதம் அதிகமுள்ள ரகமே கைகொடுக்கும். செக்கில் முழு எண்ணெயும் வராது, புண்ணாக்கில் கொஞ்சம் தங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் புண்ணாக்கு மாட்டுத் தீவனமாக விலைபோகும்.

ஆகவே விதை வாங்கும் முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: விதையாக விற்கப் போகிறோமா, எண்ணெயாக விற்கப் போகிறோமா?

75 நாளா, 100 நாளா? மழைதான் தீர்ப்பு சொல்லும்

விருதுநகர் மானாவாரி நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையை. அக்டோபர் தொடக்கத்தில் விதைத்தால் 75 நாள் பயிர் டிசம்பர் இறுதிக்குள் முடிந்துவிடும். 100 நாள் பயிர் ஜனவரி நடுவில்தான் அறுவடைக்கு வரும். டிசம்பரோடு மழை நின்றுவிட்டால், மணி பிடிக்கும் நேரத்தில் மண்ணில் ஈரம் இருக்காது. விதை பதராகிவிடும்.

கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், சூரியகாந்தி வேரும் ஆழமாகப் போகும் என்பது சாதகம். ஆனாலும் கிணற்றுத் தண்ணீர் இல்லாத காட்டில் நீண்ட நாள் ஒட்டு ரகம் போடுவது துணிச்சல்தான். இறவை வசதி இருந்தால் அதே ஒட்டு ரகம் தன் முழு பலத்தைக் காட்டும்.

பட்டாசு ஆலைக்கும் பூத்தட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சூரியகாந்தி பூத்தட்டில் இருப்பது ஒரு பூ அல்ல, நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். அயல் மகரந்தம் சேர்ந்தால்தான் மணி நன்றாகப் பிடிக்கும். தேனீ குறைந்தால் நடுவில் பதர்தான். அதனால்தான் காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் பூத்தட்டை மெல்லிய துணியால் ஒற்றியோ, பக்கத்துப் பூத்தட்டோடு உரசியோ மகரந்தம் சேர்க்கச் சொல்கிறார்கள். இதை ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு வாரம் செய்ய வேண்டும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் அந்த நேரத்தில் ஆட்கள் பட்டாசு ஆலையில் இருப்பார்கள். அங்கே தினக்கூலி நிச்சயம். காட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது ரொம்ப கஷ்டம். எனவே இந்தப் பகுதிக்கு ரகம் தேர்வு செய்யும்போது ஆள் கணக்கையும் பார்க்க வேண்டும். புதிய ஒட்டு ரகங்கள் பொதுவாகத் தன் மகரந்தத்திலேயே ஓரளவு மணி பிடிக்கும். பழைய ரகங்களுக்குத் தேனீ அவசியம்.

ஹெக்டேருக்கு 5 தேனீப் பெட்டி வைத்தால் கைவேலை குறையும். பூக்கும் சமயத்தில் பூச்சிமருந்து அடித்தால் தேனீ செத்துப்போகும், மகசூலும் அதோடு போய்விடும். பூ விரியத் தொடங்கும்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் போராக்ஸ் கலந்து தெளித்தால் பதர் குறையும்.

கிளி, மயில் தொல்லைக்கு எந்த ரகத்திலும் தப்பில்லை. ஊரே ஒரே சமயத்தில் விதைத்தால் சேதம் பங்கு போடப்படும். தனியாக ஒரு காடு மட்டும் பூத்தால் அத்தனை பறவையும் அங்கேதான் வரும்.

சத்துக் கணக்கு: விதையில் என்ன இருக்கிறது?

தோல் நீக்கிய 100 கிராம் சூரியகாந்திப் பருப்பில் சுமார் 21 கிராம் புரதம், 51 கிராம் கொழுப்பு, 8.6 கிராம் நார்ச்சத்து, 35 மில்லிகிராம் வைட்டமின் ஈ, 325 மில்லிகிராம் மெக்னீசியம், 5 மில்லிகிராம் இரும்பு உள்ளன. கலோரி 584. எனவே ஒரு கைப்பிடி போதும், கிண்ணம் கிண்ணமாக வேண்டாம்.

இதிலும் ரக வித்தியாசம் உண்டு. எண்ணெய் ரகங்களின் விதை சிறிதாக, கருப்பாக, மெல்லிய தோலோடு இருக்கும். கொறிக்கும் ரகங்களின் விதை பெரிதாக, வரி வரியாக, தடித்த தோலோடு இருக்கும். அவற்றில் எண்ணெய் குறைவு, புரதம் கூடுதல். பொதுவாக எண்ணெய் ஏறினால் புரதம் இறங்கும்.

பாட்டிலில் இருக்கும் எண்ணெயும் ஒரே மாதிரியா?

இல்லை. சாதாரண ரகங்களின் எண்ணெயில் லினோலெயிக் அமிலம் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை இருக்கும். இது ஒமேகா-6 வகை. உடலுக்குத் தேவைதான். ஆனால் சூட்டிலும் காற்றிலும் சீக்கிரம் கெடும்.

1970-களில் ரஷ்யாவில் 'பெர்வெனெட்ஸ்' என்ற ரகம் உருவானது. அதன் வழியில் வந்தவை உயர் ஒலெயிக் ரகங்கள். இவற்றின் எண்ணெயில் ஒலெயிக் அமிலம் 75 சதவீதத்துக்கு மேல். ஆலிவ், கடலை எண்ணெய்களில் அதிகம் இருப்பதும் இதே கொழுப்புதான். பொரிப்பதற்கு இது தாங்கும்.

இன்னொரு சுவாரஸ்யம்: சாதாரண ரகத்தில் மணி பிடிக்கும்போது வெயில் அதிகமாக இருந்தால் ஒலெயிக் கூடும், குளிர்ச்சியாக இருந்தால் லினோலெயிக் கூடும். ஆக, ஒரே விதையை மார்கழியில் விளைவித்தாலும் சித்திரையில் விளைவித்தாலும் எண்ணெய் கொஞ்சம் மாறும்.

கடையில் வாங்கும் பாட்டிலில் ரகத்தின் பெயர் இருக்காது. நாம் பயன்படுத்துவதில் பெரும்பகுதி ரஷ்யா, உக்ரைன் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதியானது. 2022-ல் அங்கே போர் தொடங்கியதும் இங்கே விலை எகிறியது அதனால்தான். எந்த எண்ணெயானாலும் ஒருமுறை பொரித்ததைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

சுருக்கமாக

• மானாவாரி, தண்ணீர் இல்லை, ஆள் இல்லை: 75 முதல் 85 நாளில் முடியும் ரகம்.

• கிணறு உண்டு, விதையாக விற்பனை: மகசூல் அதிகம் தரும் வீரிய ஒட்டு.

• சொந்தச் செக்கில் ஆட்டி விற்பனை: எண்ணெய் 40 சதவீதத்துக்கு மேல் உள்ளது.

விதைப்பதற்கு முன் அருப்புக்கோட்டையில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ, வட்டார வேளாண் அலுவலகத்திலோ விசாரித்துக்கொள்வது நல்லது. பாக்கெட்டில் அச்சிட்ட மகசூல் நல்ல மண்ணுக்கும் நல்ல மழைக்கும் உரியது. நம்ம காட்டின் மழையையும் ஆள் வசதியையும் வைத்துத்தான் விதையைத் தேர்வு செய்ய வேண்டும்.