அவசர ஆணையும் அந்தரங்க உரிமையும்: சட்டம் கூறுவது என்ன?

மைசூரு: பேரிடர்க் காலத்தில் நிர்வாகம் எவற்றை வெளியிட வேண்டும், எவற்றைக் காக்க வேண்டும் என்ற கேள்வியை 2020ஆம் ஆண்டு கரோனா நடவடிக்கைகள் எழுப்பின.

அவ்வாண்டு மார்ச் மாதம், வீட்டுத் தனிமையில் இருந்தோரின் முகவரிகளைக் கர்நாடக அரசு மாவட்ட வாரியாக இணையத்தில் வெளியிட்டது. பெயர்கள் இடம்பெறாவிட்டாலும், முகவரியைக் கொண்டே அக்கம்பக்கத்தார் அவர்களை அடையாளம் காண முடிந்தது. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை தவிர, மணிக்கு ஒருமுறை தற்படம் அனுப்பவும் அவர்கள் பணிக்கப்பட்டனர். தனிமைப்படுத்தப்பட்டோர் கைகளில் முத்திரையிட அழியா மையைப் பயன்படுத்தத் தேர்தல் ஆணையம் அனுமதி அளித்தது. அந்த மையைத் தயாரிப்பது, 1937இல் தொடங்கப்பட்ட மைசூரு பெயின்ட்ஸ் நிறுவனம்.

கட்டுப்பாடுகளுக்கு 1897ஆம் ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டமும், 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டமும் அடிப்படையாக இருந்தன. எனினும், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 24.8.2017 அன்று தீர்ப்பளித்திருந்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசுவாமி. இவ்வுரிமையில் அரசு தலையிடுவதற்குச் சட்டத்தின் ஆதாரமும், நியாயமான நோக்கமும், தேவைக்கு மிகாத அளவும் வேண்டும்.

ஆணைகளோ இதற்கு நேர்மாறாக, வெளிப்படையாக இருக்க வேண்டும். காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் 10.1.2020 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 144 தடை உத்தரவுகளும் இணைய முடக்க உத்தரவுகளும் வெளியிடப்பட வேண்டும். அப்போதுதான் பாதிக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாட இயலும் என்றது. 1.7.2024 முதல் 144ஆவது பிரிவுக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவு நடைமுறையில் உள்ளது. இதன்கீழ் பிறப்பிக்கப்படும் உத்தரவு பொதுவாக 2 மாதங்களுக்கே செல்லும். மாநில அரசு அதை மேலும் 6 மாதங்கள் வரை நீட்டிக்கலாம்.

வெளியிடப்படாத ஆணையின் நகலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சி அல்லது மாவட்ட நிர்வாகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கோரலாம். 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். உயிர் அல்லது தனிமனிதச் சுதந்திரம் தொடர்பான தகவலாயின் 48 மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும். பதில் கிடைக்காவிடில் முதல் மேல்முறையீடும், அதன்பின் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2023), தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல்களுக்கான விலக்கை விரிவாக்கியது. அதிகாரிகள் தொடர்பான விவரங்களை மறுக்கவும் இது வழிவகுக்கும் எனத் தகவல் உரிமை ஆர்வலர்கள் எதிர்க்கின்றனர். ஆயினும், பொதுநலன் மேலோங்கும்போது தகவல் வழங்க அனுமதிக்கும் 8(2) பிரிவு தொடர்ந்து நீடிக்கிறது.