பகா எண்ணும் சிற்றூர்க் குருவும்

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 7, 31, 127 ஆகியன அத்தகையன. இரண்டை இரண்டால் மீண்டும் மீண்டும் பெருக்கி, வரும் எண்ணில் ஒன்றைக் குறைத்தால் இம்மூன்றும் கிடைக்கும். இவ்வகைப் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறை எண்ணை ஈன்று தரும் என்று யூக்ளிட் மெய்ப்பித்தார். தன்னை நீக்கிய பிற வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாக நிற்பது நிறை எண்; ஆறு அதற்குச் சான்று. ஆறு நாள் படைப்பைப் பற்றி எழுதுகையில் புனித அகுஸ்தினாரும் இந்த நிறைவைச் சுட்டினார். ஆதலின் துறவியர் இவ்வெண்களை நாடியதில் நமக்கு வியப்பில்லை.

மினிம் சபைத் துறவி மெர்சென், 1644-இல் வெளியிட்ட நூலில், 257 வரையுள்ள அடுக்குகளுள் எவை பகா எண் தரும் எனப் பட்டியலிட்டார். அதில் 67 இருந்தது, 61 இல்லை. நெடுங்காலம் எவராலும் அப்பட்டியலை முழுமையாகச் சரிபார்க்க இயலவில்லை. காரணம் எளிது. இரண்டின் 61-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தால் வருவது 23,05,84,30,09,21,36,93,951. இதனை வகுத்தே சோதிப்பதாயின் ஏறத்தாழ 152 கோடி வரையுள்ள பகா எண்களை ஆராய வேண்டும். வகுத்தி ஏதேனும் இருப்பின் அதனை 122-ஆல் வகுக்க மீதி ஒன்று வரவேண்டும் என்னும் விதி சுமையைக் குறைக்கும். ஆயினும் எஞ்சுவது ஒரு மனிதனுக்குப் பெருஞ்சுமையே.

பிரெஞ்சு அறிஞர் எதுவார் லூக்கா வேறு வழி கண்டார். பின்னர் லேமர் அதனைச் செம்மைப்படுத்தினார். நான்கில் தொடங்கி, ஒவ்வோர் எண்ணையும் அதே எண்ணால் பெருக்கி இரண்டைக் கழிக்க வேண்டும்: 4, 14, 194, 37634. ஐந்தாம் அடுக்கு தரும் 31-க்கு நான்காம் எண்ணை நோக்குக. 37634-ஐ 31 மீதியின்றி வகுக்கிறது. ஆகவே 31 பகா எண். 61-ஆம் அடுக்குக்கு இவ்வாறு 59 முறை பெருக்கவேண்டும். வேங்கிக்காலில் அமர்ந்து இதனை எழுதும் நமக்கு அத்துணிவு இல்லை!

1876-இல் லூக்கா, 67-ஆம் அடுக்கு தரும் எண் பகா எண் அன்று என, வகுத்தி ஒன்றையேனும் காட்டாமலே நிறுவினார். அவ்வெண்ணின் காரணிகள் 19,37,07,721, 7,61,83,82,57,287 என்பதை 1903-இல் அமெரிக்கர் கோல் காட்டினார். மெர்சென் விட்டுவிட்ட 61-ஐ மீட்டவரோ ஒரு பங்குக் குரு. உருசியாவின் உரால் பகுதிச் சிற்றூர்களில் பணியாற்றிய, கிழக்கு மரபுத் திருச்சபையைச் சேர்ந்த இவான் பெர்வூசின், 1883-இல் அது தரும் எண் பகா எண்ணே என மெய்ப்பித்தார். கணினி பிறவாக் காலம் அது. திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் இடையறாது அழைக்கும் பங்கு வாழ்வில் இத்தகு கணக்குக்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதைக் குருக்களாகிய நாம் ஓரளவு உணர்வோம்.

இவ்வழி மெர்சென் எண்களுக்கே உரியது. எந்த எண்ணாயினும், ஊகத்தையோ தற்செயலையோ நம்பாது, இலக்கங்கள் பெருகினும் காலம் கட்டுமீறாது சோதிக்கும் வழியை 2002-இல் நம் நாட்டுக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகியோர் கண்டனர். இம்மூன்று தகுதிகளும் ஒருங்கே மெய்ப்பிக்கப்பட்ட வழி அதற்குமுன் இருந்ததில்லை. பின்னிருவரும் அவ்வாண்டே இளநிலைப் பட்டம் முடித்த இளைஞர்கள். எனினும் நடைமுறையில் அது மெதுவானது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண் 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. அதனை உறுதிசெய்யக் கணினிகள் நாடியது நான்கில் தொடங்கும் லூக்காவின் வழியையே.