நலத்துறைப் பிள்ளைகள்

பி.எட். சேர்க்கை நெருங்கும் மாதங்களில் கொட்டாம்பட்டி, மேலூர் பக்கத்துத் தம்பி தங்கைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, ஸ்பெஷல் பி.எட். படிச்சா வேலை இருக்கா?" சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகப் போனால் காரைக்குடி. அங்கே அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. படிக்க இடம் இருக்கிறது. வேலைக்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன், இந்தப் படிப்பு ஏன் ஆசிரியர் உலகத்தின் ஓரத்திலேயே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். அந்த ஓரம் நமக்குப் புதிய இடம் இல்லை.

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளியை 1887இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் என்ற மிஷனரிப் பெண் தொடங்கினார். 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். காது கேளாதோருக்கு அதே ஊரில் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் பள்ளி வைத்ததும் அந்தப் பத்தாண்டில்தான்.

அதே ஆண்டுகளில் நம் பக்கம் என்ன நடந்தது? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1893இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. 1894இல் அடையாறில் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் திறந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் திண்ணையில்கூட உட்கார முடியாத இரண்டு வகைப் பிள்ளைகளுக்கு, ஒரே காலத்தில், தனித்தனியாகப் பள்ளி கட்டினார்கள். பொதுப் பள்ளியைத் திற என்று யாரும் சட்டம் போட்டு மல்லுக்கு நிற்கவில்லை.

பிறகு அரசு தன் கணக்கை எழுதியது. ஒடுக்கப்பட்டோர் விவகாரம் 1920 வாக்கில் தொழிலாளர் ஆணையரிடம் போனது. 1949இல் அதற்கெனத் தனியாக அரிசன நலத்துறை வந்தது. இன்று அதன் பெயர் ஆதிதிராவிடர் நலத்துறை. நம் மதுரைப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920இல் துப்பாக்கிச் சூடு நடத்திய அரசு, பின்னால் 'கள்ளர் சீரமைப்பு'ப் பள்ளிகளை நடத்தியது. பிள்ளைகளைச் சீரமைக்கிறார்களாம்! மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் சிறப்புப் பள்ளிகளோ மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் இருக்கின்றன. எல்லாருக்கும் 'நலம்', வேறு சிலருக்கு மட்டும் 'கல்வி'.

இது தவறு என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே சொல்லியாயிற்று. உடற்குறையுள்ள பிள்ளைகளின் படிப்பு தேசியக் கல்வியின் அங்கமாக, கல்வித்துறையின் கீழ் இருக்க வேண்டும் என்று 1944இல் சார்ஜென்ட் அறிக்கை பரிந்துரைத்தது. அதே 1944இல்தான் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகையும் தொடங்கியது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த அம்பேத்கர் 1942இல் கொடுத்த மனுவின் பலன் அது. ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாயில் தொடங்கிய தொகை. நமக்காக உள்ளே உட்கார்ந்து கேட்க ஒருவர் இருந்தார், அதனால் அது நடந்தது. சார்ஜென்ட் சொன்னதைக் கேட்டு வாங்க ஆளில்லை.

1974இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தபோதும் அதைச் சமூக நலத்துறையிடம்தான் கொடுத்தார்கள். கல்வித்துறைக்கு மாற 1982 ஆனது. 1992இல் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் வந்தது. இன்று நீங்கள் படிக்கும் ஸ்பெஷல் பி.எட்.டுக்கு அங்கீகாரம் தருவது அந்தக் குழுமம்தான். அது கல்வி அமைச்சகத்தில் இல்லை, சமூக நீதி அமைச்சகத்தில் இருக்கிறது. அதன் பதிவேட்டில் பெயர் இல்லாமல் இந்தப் பணியைச் செய்தால் ஓராண்டுவரை சிறை என்று சட்டம் சொல்கிறது. செய்தவருக்கு என்ன சம்பளம் என்று அது சொல்லவில்லை.

இந்தப் படிப்பை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. நம் தெருப் பிள்ளை கணக்கில் தடுமாறினால் 'மந்தம்' என்று சொல்லிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பும் பழக்கம் வகுப்பறையில் இன்னும் சாகவில்லை. ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா, அல்லது அதற்கு யாரும் சொல்லியே கொடுக்கவில்லையா? இதைப் பிரித்தறியும் பயிற்சி இந்தப் படிப்பில்தான் இருக்கிறது. தப்பாகப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். கலிபோர்னியாவில் கறுப்பினப் பிள்ளைகளை ஐ.க்யூ. சோதனை வைத்து 'மனவளர்ச்சி குன்றியோர்' வகுப்புகளுக்குத் தள்ளினார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். லாரி பி. வழக்கு என்று அதற்குப் பெயர். அந்தச் சோதனை இனப் பாகுபாடு கொண்டது, அதை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளை அந்த வகுப்புக்கு அனுப்பக் கூடாது என்று 1979இல் நீதிமன்றம் சொன்னது. சோதனைத் தாளைப் பிடித்திருப்பவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பது அற்ப விஷயம் அல்ல.

சரி, வேலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் சிறப்பாசிரியர் என்றால் ஓவியம், உடற்பயிற்சி ஆசிரியரையும் குறிக்கும். நான் சொல்வது வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகவும், படுக்கையில் இருக்கும் பிள்ளையின் வீடு வீடாகவும் போகிற சிறப்புப் பயிற்றுநர்களை. அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் இந்த வேலை தன்னார்வ நிறுவனங்கள் வழியாக நடந்தது. பிறகும் தொகுப்பூதியம்தான். நிரந்தரப் பணியிடம் என்றால் 69 சதவீத இடஒதுக்கீடு, இனச்சுழற்சி எல்லாம் உண்டு. நிறுவனம் ஆளெடுத்தபோது அந்த இனச்சுழற்சியை யார் பார்த்தார்கள்?

ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அளவு சொன்னது. தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர், பணியிடங்கள் நிரந்தரமாக இருக்க வேண்டும். மாநிலங்கள் அசையவில்லை. 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடி பணியிடங்களை அறிவிக்கச் சொன்னது. ஆக, "வேலை இருக்கா?" என்பதற்கு என் பதில்: வேலை இருக்கிறது, பணியிடம்தான் இல்லை. அதைக் கேட்டு வாங்கும் சண்டையில் பட்டம் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும்.

சேரும்முன் ஒன்றைக் கவனியுங்கள். 2012ஆம் ஆண்டு அரசாணை 92 நமக்குக் கட்டணத்தைத் தருகிறது. ஆனால் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களைப் பின்னர் அதிலிருந்து வெட்டிவிட்டார்கள். எந்த ஒதுக்கீட்டில் இடம் தருகிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்ந்தபின் முதல் விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் பள்ளி வயதில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் ஆதிதிராவிடர் எத்தனை பேர்? சிறப்புப் பயிற்றுநர்கள் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரப் பணியில் எத்தனை பேர்? பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.