மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்கினால் முதல்வர் காப்பீட்டு அட்டை கிடைக்காதா? முழு விவரம் இதோ

திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவிலில் தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அப்படி ஒரு வீட்டில் மாற்றுத்திறனாளி மகனுக்கு மாதாமாதம் உதவித்தொகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "அதையும் வருமானத்துல சேர்த்துட்டா காப்பீட்டு அட்டை கிடைக்காம போயிடுமோ?" என்ற பயம் வருவது இயல்புதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வருமான வரம்பு எவ்வளவு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இது 72,000 ரூபாயாக இருந்தது. அட்டை இருந்தால் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

உதவித்தொகையால் வரம்பு தாண்டுமா?

மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. ஆண்டுக்கு 18,000 ரூபாய். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 24,000 ரூபாய். இந்தத் தொகை மட்டும் யாரையும் வரம்பைத் தாண்ட வைக்காது.

அப்போ சிக்கல் எங்கே?

வீட்டில் மற்றவர்களின் சம்பளத்தில்தான். மாதம் 10,000 ரூபாய் என்றாலே ஆண்டுக்கு 1,20,000 வந்துவிடும். அதனால் வருமானச் சான்றில் என்ன தொகை எழுதியிருக்கு என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

அட்டை வாங்கினால் உதவித்தொகை நிற்குமா?

காப்பீட்டுப் பணம் கைக்கு வராது, நேராக மருத்துவமனைக்குத்தான் போகும். அது வருமானம் ஆகாது என்பதால் பயப்படத் தேவையில்லை.

உடல்குறையே தகுதியாகுமா?

ஆகும். 2018-ல் இத்துடன் இணைந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் அப்படி ஒரு விதி உண்டு. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, மாற்றுத்திறனாளி இருந்து, உடல் திடமுள்ள பெரியவர் யாருமே இல்லாத கிராமப்புற வீடுகள் தகுதி பெறும்.

வருமானம் கூடுதலாக இருந்தால்?

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் 'நிரமயா' காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வறுமைக்கோட்டுக்கு மேல் உள்ளவர்களும் சேரலாம்.

எங்கே பதிவு செய்வது?

ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் திருப்பூர் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். மாற்றுத்திறனாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.