வண்டி பல்லைக் கடித்த கதை

எங்கள் சிறுவயதில் மாட்டுவண்டி கிரீச்சிட்டால் அப்பா உடனே இறங்கிவிடுவார். அச்சாணியைக் கழற்றி, சக்கரத்தை நகர்த்தி, வண்டி மை போட்ட பிறகுதான் மறுபடி ஏறுவார். கார் ஓட்டுகிற நாமோ சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைக்கிறோம். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன்.

1985 மே மாதம். மாமனாரின் பழைய அம்பாசிடரை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். திரும்பும்போது மலை இறக்கம் முழுக்க பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தேன். வத்தலக்குண்டு தாண்டியதும் முன்சக்கரத்தில் நறநறவென்று ஒரு சத்தம். பின்சீட்டில் இருந்த அம்மா, "ஏப்பா, வண்டி என்னமோ பல்லைக் கடிக்குதே" என்றார். மறுநாள் காலை மதுரையில் ஒரு கல்யாணம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். வாடிப்பட்டி வந்தபோது சத்தம் பேச்சை மறைக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. சாலையோரப் பட்டறை ஒன்றில் நிறுத்தினேன்.

மெக்கானிக் அறுபதை நெருங்கியவர். சின்ன வயதில் பஸ் கம்பெனிப் பட்டறையில் கையாளாகச் சேர்ந்து தொழில் கற்றவர். ஸ்பேனரை எடுக்காமல் கேள்விதான் கேட்டார்.

"தம்பி, பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வருதா, சும்மா உருளும்போதும் வருதா?"

"மிதிக்கும்போதுதான் அதிகம்."

"வளைவில் திரும்பும்போது மாறுதா? கிளட்சை மிதிச்சா நிக்குதா?"

இரண்டுமே இல்லை என்றேன். உருளும்போது வந்து, வேகத்தோடு கூடி, வளைவில் மாறினால் சக்கர பேரிங். கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பக்கம். மிதித்ததும் கிளம்பினால் கிளட்ச் பேரிங். பிரேக் போடும்போது மட்டும் என்றால் லைனிங். கையில் கிரீஸ் படாமலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

ஜாக்கி வைத்து டிரம்மைக் கழற்றினார். லைனிங் அடியோடு தேய்ந்து, ரிவெட் தலைகள் இரும்பு டிரம்மை உழுதிருந்தன. "இதோட ஒரு கிலோமீட்டர்கூட விடமாட்டேன். பிள்ளைகளைக் கூட்டிட்டு பஸ்ஸில் போங்க" என்றார். மதுரைக்கு இன்னும் 25 கிலோமீட்டர்தான். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பஸ்ஸில்தான் போனோம்.

அந்த லைனிங்குக்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1888-இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் அவர் செய்த காரில் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப் போனார். இறக்கத்தில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோகவே, வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் கட்டையின் மேல் தோலை அடிக்கச் சொன்னார். முதல் பிரேக் லைனிங் அதுதான் என்பார்கள். 1897-இல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இதையே தொழிலாக்கினார். மலைச்சாலையில் வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைச் சக்கரத்தில் அழுத்தி வேகத்தைக் குறைப்பதைப் பார்த்து வந்த யோசனை அது. அவர் தொடங்கிய கம்பெனிதான் ஃபெரோடோ. பிறகு சூடு தாங்குவதற்காக லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் சேர்ந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1912-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்யலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். லாட ஆணிகளால் டயர் பஞ்சராகாமலிருக்க, காந்தம் கட்டிய வண்டியை முன்னால் விட்டுச் சாலையைக் கூட்டினார்கள் என்றும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரி வாயுவில் வண்டி ஓட்டும் சாதனத்தை மதுரையிலேயே செய்தார்கள். வண்டி கெடும் முன்பே கவனி என்ற பழக்கத்தை இந்த ஊர் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டது. 1962-இல் அதே குழுமத்தின் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. 1972-இல் பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது.

மறுநாள் கல்யாணம் முடித்து வாடிப்பட்டிக்குத் திரும்பினேன். லேத்தில் டிரம்மைக் கடைந்து, புது லைனிங்கை ரிவெட் அடித்து, விளிம்பை அரத்தால் ராவி வைத்திருந்தார். மாட்டும் முன் உள்ளே இருந்த சாம்பல் நிறத் தூசியை வாயாலேயே 'ஃபூ' என்று ஊதினார். முகமெல்லாம் தூசி. "எந்தக் கியரில் ஏறுனீங்களோ அதே கியரில் இறங்குங்க தம்பி. பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடணும். சூடேறினா டிரம் விரிஞ்சு கொடுக்கும், மிதி இறங்கும், வண்டி நிக்காது" என்றார்.

அஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலில் தங்கி உயிரைக் குடிக்கும் என்று வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். அவரை அதற்குப் பிறகு நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இருமல் கூடியிருந்தது. பீடியும் உண்டு, எது காரணம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஈரத்துணியால் துடைத்திருக்கலாம் என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. என் குடும்பத்தை ஒரு கிலோமீட்டர்கூட அனுப்ப மறுத்தவர், தன் நெஞ்சைப் பற்றி நினைக்கவேயில்லை. எங்கள் உயிரைக் காத்த கையோடு அவர் எத்தனை வருஷம் அந்தத் தூசியை ஊதினாரோ!

இப்போது பெரும்பாலான கார்களில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். பலவற்றில் பேட் தேய்ந்ததும் ஒரு சிறு தகடு டிஸ்கில் உரசிக் கீச்சென்று சொல்லும். அதைக் கேளாமல் விட்டால்தான் கரகர வரும். போன மாதம் பேரன் காரில் அப்படி ஒரு சத்தம். பதறிப்போய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். டிஸ்குக்கும் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கல் சிக்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையன் கருவியை எடுக்கும் முன் பேரனிடம் கேட்டது இதைத்தான்: "அண்ணே, பிரேக் பிடிக்கும்போது மட்டும் வருதா, சும்மா போகும்போதும் வருதா?"

அவன் முகத்தில் மாஸ்க் கட்டியிருந்தான். அதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.